கை தட்டி எடுத்த படம்

அன்புள்ள மகளுக்கு,

தாய்க் கழுகு எழுந்து போய்விட்டால் பிறந்து பத்து நாள்கூட ஆகாத குஞ்சு எவ்வளவு நேரம் வெயில் தாங்கும், உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை, இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை, அதனால்தான் நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று, பார்வை வந்ததும் முதல் வேலையாக என் தலையில் எத்தனை நரை என்று எண்ணிச் சொன்னாள். நீயும் அங்கே நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அந்தக் கடைவாய்ப் பல்லை இன்னும் காட்டவில்லை என்றால் இந்த வாரமே காட்டு, வலி நின்றதாலேயே பல் சரியாகிவிட்டது என்று ஆகிவிடாது.

இன்று மதியம் அப்பா உனக்கு ஒரு படம் அனுப்பினார் அல்லவா, சிவந்த பாறைக்கு முன்னால் இறக்கை விரித்த கழுகு. நீ பதிலுக்கு மூன்று இதயம் போட்டிருந்தாய். உன்மேல் தப்பில்லை, படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எப்படிக் கிடைத்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். போனில் சொல்லலாம், கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, எழுத்துதான் வரும்.

அப்பாவின் அலுவலகத்தார் குடும்பத்தோடு ஆற்றுப் பள்ளத்தாக்குப் பூங்காவுக்குப் போனார்கள், நானும் போனேன். எதையும் லேசில் வியப்பவள் இல்லை நான். ஆனாலும் இரண்டு பக்கமும் பாறை சுவர் மாதிரி எழுந்து நிற்க, நடுவே ஆறு சத்தமில்லாமல் போவதைப் பார்த்து வாயடைத்துப்போனேன். மணலில் நீர்நாயின் ஈரக் கால்தடம், கால் வைக்க இடமில்லாத விளிம்பில் ஒரு காட்டாடு. படகு ஓட்டிய பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். ஒரு வளைவில் மோட்டாரை நிறுத்திவிட்டு, "இந்த இடத்துல மட்டும் யாரும் சத்தம் போடாதீங்க, மேல கூட்டுல குஞ்சு இருக்கு, பொறந்து பத்து நாள்கூட ஆகல" என்று மெதுவாகச் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தேன். பெரிய பறவை ஒன்று சிறகை லேசாக விரித்து நிழல் கட்டியபடி உட்கார்ந்திருந்தது, அதன் நெஞ்சுக்குக் கீழே பஞ்சு உருண்டை போல ஒரு தலை. அப்பாவின் மேனேஜர் புதுக் கேமரா வாங்கியிருக்கிறார். "ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்திருக்கோம், அது எழுந்து ஒரு வணக்கம் வைக்கக் கூடாதா" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் மூன்று முறை கை தட்டினார். அடுத்து நடந்ததை நீ நம்ப மாட்டாய், படகு முழுவதும் கை தட்டியது. கூட்டங்களில் அவர் தட்டினால் இவர்களும் தட்ட வேண்டும், வருஷக்கணக்கான பழக்கம். பாதிப் பேர் மேலே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. உன் அப்பா போனை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினார். பாறைச் சுவர் அந்தச் சத்தத்தை இரண்டு மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தது, பறவை எழுந்தது, எல்லாரும் படம் எடுத்தார்கள்.

காலியான விளிம்பில் ஒரு அண்டங்காக்கை வந்து உட்கார்ந்தது. படகுக்காரப் பெண் அதைக் கைகாட்டி, "போதும் சார், நிறுத்துங்க, அது குஞ்சைத் தூக்கிடும்" என்றாள். மேனேஜர், "பிணந்தின்னிக் கழுகுக்கா இவ்வளவு மரியாதை" என்றார். அலுவலகக் கணக்கர், "என் மாமியார் தூங்கும்போதுகூட நான் இப்படி அடங்கி இருந்ததில்ல சார்" என்றார், அதற்கும் சிரிப்பு. நாம் கீழே நின்றால் தாய் திரும்பாது என்று அவள் படகை நகர்த்திவிட்டாள். வளைவு மறைக்கும்வரை ஒன்பது நிமிடம், கடிகாரம் பார்த்தேன், தாய் வரவில்லை. என் ஆய்வகத்தில் ரத்த மாதிரி எடுத்த ஒரு குப்பி குளிர்பெட்டிக்கு வெளியே கிடந்தால் யார் வைத்தது என்று கேட்காமல் விட மாட்டேன். அங்கே வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த மேனேஜரின் மனைவி தண்ணீர் நீட்டினார், வாங்கிக் குடித்துவிட்டு நன்றி என்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். "நான் எங்க தட்டினேன், அவர் தட்டினதும் கை தானா போயிடுச்சு" என்றார். தானாகப் போகிற கை ஒருநாளும் கழுவாத பாத்திரத்தின் பக்கம் போனதில்லையே என்றேன். அப்போதிலிருந்து பேச்சில்லை. பூங்காவில் எதிர்ப்பக்க மேட்டில் தொலைநோக்கி வைத்த ஒரு கோபுரம் இருக்கிறதாம், நாளை முதல் பஸ்ஸில் போகிறேன். அவரைக் கூப்பிடவில்லை.

உன் அலுவலகத்திலும் ஒரு மேனேஜர் இருப்பார். எதற்குத் தட்டுகிறோம் என்று பார்த்துவிட்டுத் தட்டு. வேளைக்குச் சாப்பிடு, பல் வைத்தியரை மறக்காதே, அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதே. எந்தக் குறையும் அண்டாமல் நீ நிறைவாக இருக்க வேண்டும்.

உன் நலம் நாடும்
அம்மா

ஞாயிறு மாலை. உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். பஸ் நிறுத்தத்துக்கு அப்பா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார், முழங்காலில் பட்டை. கோபுரத்தில் வனக்காவலர் தொலைநோக்கியைத் திருப்பிக் காட்டினார். தாய் திரும்பி வந்திருந்தது, கூட்டில் உட்கார்ந்திருந்தது. இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தோம், ஒருமுறை அது எழுந்து திரும்பி உட்கார்ந்தது, அதன் அடியில் குஞ்சு இல்லை. "வருஷத்துக்கு ஒரு முட்டைதாம்மா, இனி அடுத்த வருஷம்தான்" என்றார் காவலர். அப்பா, புகார் எழுதிக் கொடுக்க ஏதாவது தாள் இருக்கிறதா என்று கேட்டு, காவலர் கொடுத்த படிவத்தை வாங்கினார். மேனேஜரின் பெயரை எழுதினார், அடுத்த வரியில் தன் பெயரை எழுதினார். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதற்கு மேலே, சாட்சி தடுக்க முயன்றாரா என்று ஒரு கேள்வி அச்சிட்டிருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.