கம்ப்ரசர் திணறிய கதை

குண்டூர், 12-1-1983

அன்புள்ள பாப்பாயி அக்காவுக்கு, தம்பி சின்னுசாமி வணக்கம். மச்சானும் என் மருமகனும் சுகந்தானே? யாரும் நம்பாத கதை ஒன்றைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

எங்கள் போர்வெல் லாரி டிரைவர் ராசப்பன் குடும்பத்தோடு இங்கே வந்திருக்கிறான்; அவன் கைக்குழந்தைக்குச் சளி. "வெறுஞ் சளிதானுங்க," என்றான். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கடியில் குழி விழுந்தது, மூக்கு விடைத்தது. பாலும் குடிக்கவில்லை.

துளை போடக் காற்றடிக்கும் எங்கள் கம்ப்ரசர் அடைத்துக்கொண்டால் இப்படித்தான் இழுக்கும். "கம்ப்ரசர் திணறுதுடா, வண்டிய எடு!" என்றேன்.

லாரி கிருஷ்ணா நதியை ஒரே தாவாகத் தாவி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியது. "ஏர் பத்தலைங்க," என்றதும் டாக்டர் என் காலில் விழுந்தார். இப்போது குழந்தை தேறி என் மீசையை இழுக்கிறது.

மருமகனின் பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. லாரிக் கண்ணாடி துடைக்கத்தான்.

ஹார்ன் அடிக்கிறான், வாரேன். அக்கா, நதியும் டாக்டரும் என் புளுகு. அந்த விலாக்குழி மட்டும் நிஜம். என் மருமகனுக்குச் சளி பிடித்தால் சட்டையைத் தூக்கிப் பார்.

தாய்மாமன்,
சின்னுசாமி