நாகநதி யார் நிலத்தில் பிறக்கிறது

ஐப்பசி 9, செவ்வாய். ஆரணி.

நம் ஊர் வழியாகப் போகும் நாகநதியின் தலையூற்றை வரைபடத்தில் குறிக்க இன்று ஜவ்வாது மலை ஏறினேன். குறித்த இடத்தைச் சுற்றி அரசாங்கம் வேலி போடும். உள்ளே யாரும் உழக் கூடாது. நான் ஏறும் முன்பே இது மலை ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

மேலே அண்ணன், தம்பி இருவரின் சாமை நிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டிலும் ஊற்று உண்டு. ஒரு வருஷம் ஒன்றைக் கல்லும் மண்ணும் போட்டு அடைப்பார்கள். நீர் மற்றதில் பெருகும். மறு வருஷம் மாற்றி அடைப்பார்கள்; நீருக்கு முறை. இன்று அண்ணன் நிலத்தில் ஓடியது.

“போன வருஷம் வந்திருந்தா தம்பி நிலத்துல பார்த்திருப்பீங்க சார். நதி அவனுதுதான்,” என்றார் அண்ணன்.

“பெரியவரு இருக்கும்போது எனக்கெதுக்கு சார் அந்தப் பெருமை? கண்ணால பார்த்ததை எழுதுங்க,” என்றார் தம்பி.

நிலத்துக்காக வெட்டிக்கொள்ளும் சகோதரர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நதியை இத்தனை மரியாதையாக ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிவிடுவதைப் பார்த்ததில்லை. கருவியைக் கேட்டேன்; இரண்டு ஊற்றும் ஒரே உயரம் என்றது. அதிகாரியைப் போனில் கேட்டேன்.

“ஒரு நதிக்கு ஒரு புள்ளிப்பா. எங்கியாவது வெச்சு ஜல்தியா அனுப்பு. பேஜார் பண்ணாதே.”

எங்கே வைத்தாலும் ஒரு வீட்டுக்குச் சாமை இல்லை. யார் வீட்டுக்கு என்று எந்த நியாயத்தில் முடிவு செய்வது?

கருவிகளைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து இரண்டு ஊற்றையும் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

வரைபடம் நாளைக் காலை போக வேண்டும். நதியை வரைந்துவிட்டேன். புள்ளி வைக்காமல் பேனாவை மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன்.