காணாமல் போன குட்டை ஸ்க்ரூ டிரைவர்

அன்பு மாப்ளே மாதையா,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. முதல் முப்பத்தைந்து நாள் உனக்காக அழுதேன். இந்த ஐந்து நாளாக உன்மேல் கோபத்தில் இருக்கிறேன். செத்தவன்மேல் கோபப்படுவதில் ஒரு சங்கடம், சட்டையைப் பிடித்து உலுக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதை நம் சங்கத்து மலரிலும் போடப் போகிறேன், நாலு பேர் படிக்கட்டும்.

அந்த மலரே உன் யோசனைதான். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடி அறையில் மாதம் ஒரு முறை கூடும் பதினைந்து பேரும் விமானப் படையில் இருந்தவர்கள். ஒருவனும் பறந்ததில்லை. ஊரில் யாராவது, ‘நீங்க பிளேன் ஓட்டுனீங்களா’ என்று கேட்டால் எல்லோரும் ஒன்றுபோல் இருமுவோம். நீ ஒரு நாள் எழுந்து சொன்னாய், “பறந்தவங்களப் பத்தி ஊரே எழுதிருச்சு. பறக்க வெச்சவங்களப் பத்தி நாமளே எழுதிக்கலாம்.”

அன்றே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினாய். எண்ணெய் வண்டி ஓட்டியவர், பாராசூட் மடித்தவர், வெடி போட்டுப் பறவை விரட்டியவர், காலையில் ஓடுபாதையில் வரிசையாக நடந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கியவர் என்று எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டு எழுதினாய். பாதிக்கு மேல் முடித்துவிட்டாய். உன் மாரடைப்பு மீதியை விட்டு வைத்துவிட்டது.

மல்லிகாதான் சொன்னாள், அந்த நோட்டை நீயே முடித்துக் கொடு அண்ணா என்று. உன் பெண்டாட்டி கேட்டாலே மறுக்க மாட்டேன், அவள் என் தங்கச்சி வேறு. அதிலும் விமானப் படைத் தளத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே பிரிவு, ஒரே கொட்டகை. உன் பாதியை முடிக்க என்னைவிட யார் இருக்கிறார்கள் என்ற திமிரோடுதான் போன வாரம் இண்டூருக்கு வந்தேன்.

அவள் சமையலறையில் இருந்தாள். நான் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். ‘கருவி அறை’ என்று ஒரு பாடம். அழகாக எழுதியிருந்தாய். பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்து வைத்திருப்பார்கள். ஒரு கருவியை எடுத்தால் அந்த இடத்தில் எடுத்தவன் தன் எண் போட்ட பித்தளை டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஆளுக்கு ஐந்து டோக்கன். மாலையில் ஒரு கருவி குறைந்தாலும் விமானம் கிளம்பாது, ஏனென்றால் அது இறக்கைக்குள் எங்காவது கிடந்தால் விமானிக்கு உயிர் போகும். படிக்கிற எவனுக்கும் புரியும்.

அடுத்த பத்தியில் இப்படி: “ஒரு முறை ஒரு வீரரின் கவனக்குறைவால் குட்டை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று காணாமல் போனது. விமானங்கள் இரண்டு நாள் தரையில் நின்றன. கருவி கடைசிவரை கிடைக்கவில்லை.” அந்த வீரர் நான்தான். என் பேரைப் போடாமல் விட்டாயே, எவ்வளவு பெரிய மனசு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. முட்டாள்தானே நான்?

அப்போது குக்கரின் கைப்பிடி ஆடுகிறது என்று முனகிக்கொண்டே மல்லிகா அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டாள். ஒரு குட்டை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். சிவப்புப் பிடி, ஓரத்தில் சின்ன உடைசல். நான் கையை நீட்டினேன். கழுத்தில் பொறித்திருந்த எண்ணைப் பார்க்காமலே சொல்லியிருப்பேன். விசாரணையில் அந்த எண்ணை எத்தனை முறை சொல்ல வைத்தார்கள் என்று உனக்குத் தெரியாதா?

இது ஏது என்று கேட்டேன்.

“அவரு ஏர்ஃபோர்ஸ்ல இருந்து கொண்டாந்ததுண்ணா. கண்ணாலம் ஆன நாளா வூட்டுல இதுதான். நீ வந்தா மட்டும் வெளிய எடுக்கக் கூடாதும்பாரு. ஏன்னு கேட்டா சிரிப்பாரு.”

அவள் கைப்பிடியை முடுக்கி, அடுப்பில் ஏற்றிவிட்டாள். நான் அன்று சாப்பிடாமலே கிளம்பினேன்.

மலரைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்க்ரூ டிரைவர் காணாமல் போன அன்று உன் ஐந்து டோக்கனும் ஏற்கெனவே பலகையில் தொங்கின. ‘உன்னுதுல ஒண்ணு மாட்டி எடுத்துக் குடு மச்சான்’ என்றாய். கொடுத்தேன். அப்படி ஒருவன் டோக்கனில் இன்னொருவன் எடுப்பது குற்றம், ஆனால் எல்லோரும் செய்ததுதான். மாலையில் என் டோக்கன் மட்டும் தனியாகத் தொங்கியது. உன்னிடம் ஓடி வந்தேன். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய், “உன் கையிலதானே குடுத்தேன் மச்சான், றெக்கைக்குக் கீழ வெச்சு.”

நம்பினேன். நீ சொன்ன பிறகு, வாங்கிக்கொண்ட மாதிரி எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. உன் பேரை எங்கும் இழுக்கவில்லை. மூன்று வாரத்தில் உனக்கும் மல்லிகாவுக்கும் கல்யாணம், விசாரணை என்றால் லீவு கிடைக்காது. நீ உண்மையைச் சொல்லியிருந்தாலும் பழியை நானேதான் ஏற்றிருப்பேன், மாப்ளே. அது உனக்குத் தெரியாமல் போயிற்றா?

பதவி உயர்வு போனது, போகட்டும். விமானத்தைத் தொடவிடாமல் ஜெனரேட்டர் வண்டி தள்ள வைத்தார்கள், அதையும் விடு. அந்த ஸ்க்ரூ டிரைவர் ஏதோ ஒரு விமானத்தின் வயிற்றுக்குள் கிடக்கிறது என்று நினைத்தேனே, அந்த நினைப்பு என்னை விடவே இல்லை. ரிட்டயராகி அதியமான்கோட்டையில் டயர் கடை போட்ட பிறகும், விமானம் விழுந்தது என்று டிவியில் வந்தால் எந்த ரகம் என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. விமானியின் போட்டோவைக் காட்டினால் திரும்பிக்கொள்வேன்.

அந்த நாட்களில் யார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது? நீதான். இண்டூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாய். டீ சொல்லுவாய். ‘அது நம்மளுது இல்ல மச்சான், வேற ரகம்’ என்று தோளைத் தட்டுவாய். இவனைப் போல ஒருத்தன் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று நினைத்துக்கொள்வேன். உன் வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் என் நிம்மதியை ஒளித்து வைத்துவிட்டு, என் கடையில் உட்கார்ந்து எனக்கு ஆறுதல் சொன்னாயே. எப்படி முடிந்தது உன்னால்?

எப்போது கண்டுபிடித்தாய்? கல்யாணத்துக்குக் கிளம்பும்போது துணி மடிக்கையில் அகப்பட்டதா? அப்போது பயந்திருப்பாய், சரி. ஊருக்கு வந்த பிறகு எந்த அதிகாரி உன்னைப் பிடிக்கப் போகிறான்? இல்லை, கிணற்றில் வீசியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காதே. வீசவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஒரு நாள் நானே பார்த்துவிட வேண்டும் என்று வைத்திருந்தாயா? இப்படி நல்லவிதமாக யோசித்துப் பார்க்கிறேன், கோபம் தணியவில்லை.

நேற்று மறுபடி இண்டூர் போய் மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் மலரில் எழுதினால் நானும் உன்னைப் போல் ஆகிவிடுவேன். கேட்டுக்கொண்டே இருந்தாள், அழவில்லை. உன் படத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு பேர் ஒரு மாதிரி பேசுவார்கள், வேண்டாம் என்றால் எழுதவில்லை என்றேன்.

“என் கையாலயே உங்கிட்ட மறைக்க வெச்சிருக்காருண்ணா. நீ வரப்பல்லாம் நான்தானே எடுத்து உள்ள வெச்சேன். பேரப் போட்டே எழுது.”

பிறகு ஸ்க்ரூ டிரைவரை முந்தானையில் துடைத்து என்னிடம் கொடுத்தாள். பதிலுக்குக் கடையில் இருந்து புதிதாக ஒன்று கொண்டுபோயிருந்தேன். குக்கர் என்ன பாவம் செய்தது?

மாப்ளே, இனிமேல் விமானம் விழுந்தது என்று செய்தி வந்தால், அந்த விமானிக்காக மட்டும் வருத்தப்படுவேன். அதற்கு இத்தனை வருஷம் ஆகியிருக்க வேண்டாம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நோட்டை நான் முடிப்பேன். எண்ணெய் வண்டிக்காரர், பறவை விரட்டியவர், ஒருவரையும் விட மாட்டேன். நீ எழுதியதில் ஒரு வரியை மட்டும் அடிப்பேன், ‘கிடைக்கவில்லை’ என்பதை. ஸ்க்ரூ டிரைவரை நம் பழைய கருவி அறைக்கே பதிவுத் தபாலில் அனுப்பப் போகிறேன். அந்த அறை இன்னும் இருக்கிறதோ இல்லையோ தெரியாது. கூடவே வைக்கும் தாளில் இரண்டே வரி எழுதியிருக்கிறேன்: எடுத்தவர், மாதையன். திருப்பிக் கொடுத்தவர், பெருமாள்.

மன்னித்துவிட்டேன் என்று இன்னும் எழுத வராத,
உன் மல்லிகாவின் அண்ணன், உன் மச்சான்,
பெருமாள்