இடது கண்ணைப் பற்றி உங்களிடம் சொல்லாதது

இன்று வேங்கிக்கால் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் இமையோரம் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அந்த வாசனை ஏறியதும் பக்கத்திலிருந்த நம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "பயமா இருக்காம்மா?" என்றாள். பயமில்லை, உங்கள் நினைப்பு.

வருஷம் எழுபத்தாறோ எழுபத்தேழோ இருக்கும். கீழ்பென்னாத்தூர் வழியாகத் திண்டிவனம் போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒரு மதியம் சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தி, "இடது கண்ணுல கறுப்பா ஏதோ ஏறிட்டே வருது, படுதா மாதிரி" என்றீர்கள். மெட்ராஸில், விழித்திரையில் ஓட்டை விழுந்து பிரிந்துவிட்டது, ஆபரேஷன் செய்துதான் ஒட்ட வேண்டும் என்றார்கள்.

பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவருக்குக் கீழே இருந்த இளம் டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. "அவரு எத்தனையோ பண்ணவரு. நான் தனியா பண்ணது நாலஞ்சுதான். அசையாம படுத்திருந்தா அவரு வர்ற எட்டு நாள் தாங்கும்னு நெனைக்கிறேன். உறுதியா சொல்ல முடியாது. நீங்களே முடிவு பண்ணுங்க."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "நீ சொல்லும்மா. எனக்கு ஒண்ணும் ஓடல."

"இப்பவே பண்ணிடுங்க டாக்டர்" என்றேன். உங்கள் கண்ணுக்காகத்தான் அவசரப்பட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பாதிதான் உண்மை. அம்மா வீட்டில் விட்டுவந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்று சேதி வந்திருந்தது. எனக்கு ஊருக்குப் போக வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து, இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்தார்கள். ஐந்தாம் நாள் இருமலில் தலையைத் திருப்பிவிட்டீர்கள். கட்டைப் பிரித்தால் விழித்திரை மறுபடியும் பிரிந்திருந்தது. பெரிய டாக்டர் வந்து ஒட்டினார். ஒட்டிக்கொண்டது, பார்வை வரவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

உங்களுக்கு பஸ் ஓட்டும் வேலை போயிற்று. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார வைத்தார்கள். யார் விசாரித்தாலும், "டாக்டர் நல்லாத்தான் பண்ணாரு. நான்தான் சும்மா கெடக்காம தலைய திருப்பிட்டேன்" என்பீர்கள்.

ஒன்பது வருஷம் கழித்து வலது கண்ணிலும் அதே படுதா. அன்றைக்கே மெட்ராஸ் போனோம். அந்த இளம் டாக்டர்தான் அப்போது அங்கே பெரிய டாக்டர். அவரே ஆபரேஷன் செய்தார். சில வாரம் கழித்துச் சுவர்க் காலண்டரில் தேதியைப் படித்துக் காட்டினீர்கள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். டாக்டர் பின்னாலேயே வந்தார்.

"அம்மா, உங்களுக்கு ஒண்ணு தெரியணும். அன்னிக்கு நான் பண்ண இடது கண்ணுல ரெண்டு ஓட்டை இருந்துச்சு. ஓரத்துல இருந்த சின்னது என் கண்ணுல படல. இன்னிக்கா இருந்தா விட்டிருக்க மாட்டேன், அன்னிக்கு எனக்கு அந்தப் பழக்கம் இல்ல. அவரு தலைய திருப்புனதால பிரியலைங்க. நானே அவர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"வேணாங்க. நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. சொன்னால், அன்றைக்கு எட்டு நாள் காத்திருக்க விடாதது யார் என்ற கேள்வி வந்துவிடும். கண் நன்றாக ஆறட்டும், வேலைக்குத் திரும்பட்டும், கார்த்திகை தீபம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். மாசியில் ஒரு காலை, பஸ் ஸ்டாண்ட் நாற்காலியிலேயே உங்கள் நெஞ்சு நின்றுபோயிற்று. அதற்கு முந்தின நாள்கூட ஒரு கண்டக்டரிடம், "என் தப்புதாம்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களாம்.

இன்று ஆட்டோவில் வீடு திரும்பும்போது மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று காய்ச்சலில் கிடந்த குழந்தை இவள்தான்.

"சொல்லியிருந்தாலும் அப்பா உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டாரும்மா" என்றாள்.

எனக்குத் தெரியும். அதைத்தான் தாங்க முடியவில்லை.