அக்காவின் நாக்கு மாறிய வருடம்

பின்வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுக்கிறார்கள். என் அறை ஜன்னலுக்கு நேரே அவர்கள் அடுப்பு. டீச்சருக்குப் பிடிக்காதோ என்று அந்தப் பெண் கதவைச் சாத்தப் போனாள். திறந்தே இருக்கட்டும் என்றேன். காரணம் அவளுக்குச் சொல்லவில்லை. உனக்குத் தெரியும், அக்கா.

கருவாடு இல்லாமல் பழைய சோறு இறங்காதவள் நீ. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த ஒரு கோடையில் திருமயத்துக்கு உன் வீட்டுக்கு வந்தேன். மீன்காரி தெருமுனைக்கு வந்தாலே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாய். "முருகன் என் நாக்க மாத்திட்டான்டி" என்றாய். தெருவே நம்பியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உன் கையால் திருநீறு வாங்கிப் போனார்கள். அத்தான்கூட வீட்டில் கவுச்சியை நிறுத்திவிட்டார்.

நான் உன் ரவிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் தொளதொளவென்று இருந்தது. நாலு வாய் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று கை கழுவினாய். விலங்கியல் படித்தவளுக்கு அது நோய்க்குப் போதுமான சாட்சியம் இல்லைதான். ஆனால் முருகனைவிட அது நம்பும்படி இருந்தது.

டாக்டரிடம் போய் வயிற்றைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்றதும் உனக்குக் கோபம் வந்தது. போனால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும்; திருநீறு வாங்கிய தெரு என்ன பேசும்?

"படம் புடிச்சா உள்ளுக்குள்ள முருகன் தெரிவானாக்கும்?"

"வயித்துல ஒண்ணுமில்லேன்னா விராலிமலையில நான் மொட்டை போட்டுக்கிறேன்க்கா."

என் மொட்டைத் தலையைப் பார்க்கும் ஆசையில்தான் நீ பஸ் ஏறினாய்.

மதுரையில் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி, சுண்ணாம்புத் தண்ணீர் போல ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். இரைப்பையின் ஓரத்தில் சின்னதாக ஓர் இடம் மடிப்பில்லாமல் விறைத்திருந்தது. புண்ணாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். ஆபரேஷன் நடந்த காலையில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, என் முடி போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். யாரிடம் என்று கேட்காதே.

புற்றுதான். இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் சுவரைத் தாண்டவில்லை, சுற்றிலும் பரவவில்லை. சாப்பிடவே முடியாமல் போன பிறகுதான் எல்லோரும் வருவார்கள், இவ்வளவு சீக்கிரத்தில் தான் பார்த்ததில்லை என்றார் டாக்டர். பிழைத்துக்கொள்வாளா என்று கேட்டேன்.

"அஞ்சு வருஷம் போகட்டும்மா. அப்புறம் கேளுங்க."

மயக்கம் தெளிந்ததும் என் முகத்தைப் பார்த்தாய். "ஒன் முடி பொழச்சுது" என்றாய்.

சில மாதம் கழித்துப் புதுக்கோட்டைக்கு என் வீட்டுக்கு வந்தபோது, "கதவச் சாத்துடி, ஒரு துண்டு கருவாடு சுட்டுக் குடு" என்றாய். திருமயத்தில் கடைசிவரை நீ சைவம். நோயோடு முருகனும் போய்விட்டான் என்று தெருவில் எப்படிச் சொல்வது என்பாய். என் அடுப்படியில் மட்டும் முள்ளைக்கூட மிச்சம் வைக்கமாட்டாய்.

அந்த ஐந்து வருடமும் நீ வரும்போதெல்லாம் நான் உன் தட்டைத்தான் பார்த்தேன். ஒருநாள் கருவாட்டைத் தொடாமல் தட்டை நகர்த்தினாய். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உன் ரவிக்கைத் தோளைப் பார்த்தேன்.

"இன்னைக்குக் கிருத்திகைடி. பயப்படாத."

நீயும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது அன்றுதான் தெரிந்தது.

ஐந்து கழிந்தது. அதற்கு மேலும் சில வருடங்கள் இருந்தாய். போன தையில் நெஞ்சுவலியில் போனாய், வயிற்றினால் அல்ல. அதில் எனக்கு ஒரு பிடிவாதமான திருப்தி இருந்ததை அத்தானிடம் சொல்லவில்லை.

நம் அம்மாவுக்கும் கடைசியில் சோறு பிடிக்காமல் போனதே, நினைவிருக்கிறதா? அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. எனக்கும் ஐம்பது நெருங்குகிறது. கருவாட்டு வாசம் வந்தால் கைவேலையை நிறுத்திவிட்டு என் நாக்கைக் கவனிக்கிறேன்.

இன்றும் கவனித்தேன், அக்கா. எச்சில் ஊறியது.