காலடிப் பாடம் என்னுடையது, அக்கா

கல்லறைக்குப் போன பிறகும் வகுப்பை விட்டுப் போகாத என் ரோஸ் அக்காவுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். கல்லறைத் திருநாளன்று உன் கல்லைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, நல்ல பிள்ளையாக ஜெபம் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா பக்கத்தில் நின்றதால் இதைச் சொல்ல முடியவில்லை. எனக்கு உன்மேல் பொறாமை. செத்துப்போனவள்மேல் என்னடி பொறாமை என்று நீ சிரிப்பாய். சிரி.

நீ நடத்திய வனவிலங்கு மன்றத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாலிங் பக்கத்தில் இந்தச் சின்னத் தோட்டப் பள்ளியில் அக்காவுக்குப் பிறகு தங்கச்சி என்று தலைமையாசிரியரே முடிவு செய்துவிட்டார். முதல் புதன்கிழமை பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வேன்? நீ இருவாச்சிப் பறவை சிறகடிக்கும் சத்தத்தை வாயாலேயே எழுப்பினவள். எனக்கு விசில்கூட வராது. "ரோஸ் டீச்சர் இனிமே வரவே மாட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள்.

தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். "ரோஸ் டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். அத்தனை தலையும் நிமிர்ந்தது. அதையே பழக்கமாக்கிக்கொண்டேன். நீ சொன்னது, சொல்லாதது, நான் தேடிப் படித்தது எல்லாவற்றுக்கும் உன் பெயரை ஒட்டினேன்.

ஆனால் காலடிப் பாடம் முழுக்க முழுக்க என்னுடையது. உனக்குச் சத்தம்தான் பிடிக்கும், கால்களை நீ கண்டுகொண்டதே இல்லை. ஆற்றங்கரைக் களிமண்ணைத் தட்டி, காட்டுப்பன்றிக்கும் மூக்கு நீண்ட தாப்பீருக்கும் தனித்தனியாகத் தடம் செய்தேன். பெரிய தாப்பீர் என்றால் யாருக்கும் தெரியும், கறுப்பு உடம்பின் நடுவில் வெள்ளைத் துணி சுற்றியதுபோல் இருக்கும். குட்டிதான் சிக்கல். அதன் உடம்பிலும் காட்டுப்பன்றிக்குட்டி மாதிரியே வரி வரியாக இருக்கும். அதனால் காலைப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். பழக்கதோஷம், அதற்கும் உன் பெயரையே போட்டேன்.

போன ஞாயிறு நடந்ததைக் கேள். பூசை முடிந்து வருகிறேன், லயத்து வீடுகளுக்குப் பின்னால் செம்பனைக் காட்டில் ஒரே கூச்சல். வாய்க்காலில் ஒரு வரிக்குட்டி விழுந்து, ஏற முடியாமல் தவிக்கிறது. சேகர் அண்ணன் சாக்கோடு இறங்கிவிட்டார். பன்றி கிடைத்தால் நம் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு பங்கு போகும் என்பது உனக்குத் தெரியாததா? பிரட்டலா குழம்பா என்றுகூடப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மகள், என் மன்றத்துப் பிள்ளை யாழினி கத்தினாள்.

"அப்பா, புடிக்காதீங்க! இது பன்னி இல்ல!"

"வரி வரியா இருக்கே, பன்னிக்குட்டிதான்லா. நீ தள்ளிப் போ."

"கால பாருங்கப்பா! பின்னங்கால்ல மூணு விரலு. பன்னிக்கு ரெண்டா பிளந்துல்ல இருக்கும்? இது தாப்பீர் குட்டி. அதோட அம்மா பக்கத்துலதான் இருக்கும்."

சேகர் அண்ணன் குனிந்து பார்த்தார். "யாரு சொன்னா உனக்கு?"

அந்த ஒரு நொடியில் கூட்டத்துக்கு நடுவே நான் எக்கி நின்றேன், அக்கா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் பெயர் வரும் என்று காத்திருந்தேன்.

"ரோஸ் டீச்சர் சொன்னாங்க."

"அவங்க சொன்னா சரியாத்தான்லா இருக்கும்" என்று அவர் சாக்கை மேலே வீசினார். ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் தள்ளிப் போனோம். மரங்களுக்கு அப்பாலிருந்து விசில் அடித்ததுபோல் தாயின் குரல் வந்தது. குட்டி தட்டுத்தடுமாறி ஏறி அந்தப் பக்கம் ஓடியது.

"செத்தும் எம் பிள்ளைக்குப் புத்தி சொல்றாங்க பாரு" என்று சேகர் அண்ணன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குட்டி பிழைத்த சந்தோஷத்தில் பாதி எனக்கு அங்கேயே போய்விட்டது. அற்பம்தான். ஆனால் அப்படித்தான் இருந்தது.

யாழினிக்கு ஏழு வயது, முதலாமாண்டு படிக்கிறாள். நீ போன பிறகு பள்ளிக்கு வந்தவள். அவளைத் தனியாக ஓரம் கட்டினேன். "நீ ரோஸ் டீச்சர்கிட்ட படிச்சதே இல்லையேம்மா?"

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, அவங்க சொன்னாங்கன்னு." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "அவங்க உங்ககிட்ட மட்டும்தான் பேசுவாங்களா டீச்சர்?"

அவள் தலையைத் தடவி வீட்டுக்கு அனுப்பினேன். நீ போய், என்னோடு பேசாமலாகி இரண்டு வருடமாகிறது, அக்கா. பாடம் பறிபோனதைவிட அந்தக் கேள்விதான் வலித்தது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறாயாமே, எனக்கு மட்டும் ஏன் ஒரு வார்த்தை இல்லை?

ஒன்று மட்டும் சத்தியம். வருகிற புதன்கிழமை பிள்ளைகள் முன்னால் நின்று, இது ஸ்டெல்லா டீச்சர் பாடம் என்று சொல்லப் போகிறேன். அவர்கள் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. சத்தமெல்லாம் உனக்கே இருக்கட்டும், காலடி எனக்கு. அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஒரே ஒரு தடவை நீ என்மேல் பொறாமைப்படு, அக்கா.

உன் கூடப்பிறந்த வயிற்றெரிச்சல்காரி,
ஸ்டெல்லா