பெயிண்டின் மேல் மாட்டிய காயில்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் நம் ஸ்கூட்டரும் சுகம், நடுவில் அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போய் இப்போது தேறிவிட்டான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும், பேத்தியைவிட அதிகமாக அடம் பிடிக்கிற உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்க இவருக்கு என்ன கடிதம் என்று நினைக்காதே. நீ போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறாய், பக்கத்திலேயே உன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், அதில் எனக்குச் சிரிக்கத்தான் முடிகிறது. இதைத் தனியாகப் படி, அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போக வேண்டும், அம்மாவை இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளட்டுமா, டிக்கெட்டை மாற்றட்டுமா என்று கேட்டாய். "தாராளமா வெச்சுக்கோ, இப்பதான் என் காதுக்கு லீவு கெடச்சிருக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள், அவளும் சிரித்தாள். ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அந்தப் பதிலை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் வண்டிக் கதையைச் சொன்னால்தான் அது வெளியே வரும் போலிருக்கிறது, பொறுத்துக்கொள்.

இங்கே விடாத மழை. மழையில் எவன் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பான், அதனால் வேலை இல்லை. வீட்டில் சும்மா இருந்தால் கை அரிக்கிறது, மிச்சம் மீதி டப்பாக்களை எல்லாம் எடுத்து ஜன்னல் கம்பி, குளியலறைக் கதவு, அம்மாவின் தையல் மெஷின் கால் வரைக்கும் பூசிவிட்டேன். இனி பூசாமல் இருப்பது நான் ஒருத்தன்தான். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போவேன், எங்கே போனாலும் அது உன் அம்மா வேலை பார்க்கிற தையல் கூடத்து வழியாகத்தான் போகும், பழக்கம், பின் சீட்டில் ஆள் இல்லை என்பது வண்டிக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்கள் வாசலில் நின்றால் "அண்ணே, அக்கா எப்ப வராங்க, இல்ல நீங்களே வந்து சட்டைக்குக் காஜா எடுக்கறீங்களா?" என்று கேலி செய்வார்கள். நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லிவிட்டு வருவேன். அங்கேதான் ஒரு நாள் வண்டி பொட்டென்று நின்றுவிட்டது. எவ்வளவு உதைத்தும் உயிர் வரவில்லை, மழையில் மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றி உதைத்துப் பார்த்துவிட்டு, "பொறியே வரல பெயின்டரே, பொறி குடுக்கற காயில் போச்சு" என்றார். நம் வண்டி பழசு, கம்பெனி காயில் இப்போது வருவதில்லையாம், வெளிக் கம்பெனிக்காரன் செய்ததுதான் கிடைக்குமாம். ரெண்டு போல்ட்டு, ஒரு ஒயர், பிளக்குக்குப் போகிற தடி ஒயர், அவ்வளவுதான் வேலை என்றார். அவ்வளவுதானா, அப்படியானால் நானே மாட்டிக்கொள்கிறேன், எனக்கும் பொழுது போகும் என்று காயிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெளிக் கம்பெனிக்காரன் புண்ணியவான், போல்ட்டு ஓட்டையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறான், அரத்தால் ராவி அகலமாக்கினேன். தடி ஒயர் நீளம், அளவாக வெட்டி பிளக் மூடியைத் திருகினேன். பழைய காயில் இருந்த இடம் துருவேறிக் கிடந்தது. துருவைப் பார்த்த பிறகு இந்தக் கை சும்மா இருக்குமா? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அது காய்ந்ததும் மேலே பளபளவென்று கறுப்பு ரெண்டு கோட். அதன் மேல் புதுக் காயிலை வைத்து இறுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. உதைத்தேன். ஒன்றும் இல்லை.

தினமும் உதைத்தேன். எதிர்வீட்டுச் சலவைக்கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து, "என்னங்க, உடம்பு எளைக்க வைத்தியமா?" என்றார். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போக எனக்கு ரோஷம். ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், வீட்டில் சத்தம் போட மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், அதுவும் வாயை மூடிக்கொண்டது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைக்கு ஊசி போடப் போயிருந்த அன்றைக்கு அம்மா தானாகப் போன் செய்தாள். வண்டியைச் சொன்னேன். காயில் என்றால் அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் எடுத்த எடுப்பிலேயே, "ஏங்க, அதை மாட்டற எடத்துல பெயிண்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டாள். ரெண்டு கோட் என்றேன். "காலிங் பெல்லுக்கே பெயிண்ட் அடிச்சு ஊமையாக்குன ஆளு நீங்க. போய் மொதல்ல சுரண்டுங்க" என்றாள். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காயிலைக் கழற்றி, சுவருக்குப் பட்டி பூசுகிற தகட்டால் வெறும் இரும்பு தெரிகிற வரைக்கும் சுரண்டி, திரும்ப மாட்டினேன். காயிலில் போல்ட்டு போடுகிற காது வெறும் இரும்பைத் தொட்டால்தான் கரண்ட் சுற்றி வருமாம், மெக்கானிக் பிறகு சொல்லிச் சிரித்தார். ஒரே உதை, பிடித்துக்கொண்டது. போனை என்ஜின் பக்கத்தில் நீட்டி, கேக்குதா கேக்குதா என்று கத்தினேன். சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று காதில் வைத்தால், "நிறுத்திடாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றாள். குரல் சரியாக இல்லை. அவள் அங்கே, நான் இங்கே, பெட்ரோல் தீர்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதனால் டிக்கெட்டை மாற்றாதே மகளே. குறித்த தேதிக்கே அவளை அனுப்பி வை. உனக்குக் கஷ்டம்தான், தெரியாமல் இல்லை, பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக உனக்கு மனசு வராது. மாப்பிள்ளையைப் பழக்கு, போல்ட் கழற்றத் தெரியாத நானே காயில் மாட்டினேன், அவருக்குப் பிள்ளை குளிப்பாட்ட வராதா? வெயில் காலத்து வேலை முடிந்ததும் நாங்கள் ரெண்டு பேருமாக வருகிறோம், ஹாலில் ஒரு மூலை கொடு போதும். நீ அம்மாவைக் கேட்டால், "அவருக்கென்ன, அவரு ஜாலியா இருக்காரு, நான் இங்கயே இருக்கேன்" என்பாள். நம்பாதே. நான் காதுக்கு லீவு என்று சொன்னேன் பார், அதே மாதிரிதான் இதுவும்.

அங்கேயும் மழை என்றால் பிள்ளையை வெளியே கொண்டுபோகாதே, நீ நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், என் பேத்தி கன்னத்தில் என் சார்பாக ஒரு முத்தம், மீசை குத்தாத முத்தம். விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று மட்டும் மறக்காமல் சொல். பிந்தினாலும் பரவாயில்லை, நான் முன்னாலேயே போய் நிற்பேன்.

என்றும் உன் நினைப்பாகவே,
உன் அப்பா